கிட்டிய இலக்கும் எட்டாக் குறியும்

"வில்லுக்கு விசயன்" என்பது நம்மவர் வழக்கு. வில்வித்தை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் வந்து நிற்பது தொலைவுதான். உயர்ந்த மரத்தின் உச்சிக் கிளையில் அமர்ந்திருக்கும் பறவை, அகன்ற களத்தின் மறுகரையில் நாட்டிய இலக்கு, அதனை நோக்கி நெடுந்தூரம் பறந்து செல்லும் அம்பு என்று இவையே நாம் காணும் காட்சிகள். தூரம் கூடக்கூட வித்தையின் அருமையும் கூடும். இலக்குக் கிட்ட வரவர வேலை எளிதாகும் என்பதே நம் எல்லோருடைய எண்ணமுமாகும்.

ஆனால், இக்காலத்து வில்லாளர்களை ஏமாற்றும் இலக்குகளுள் ஒன்று, பத்தே எட்டு வைத்தால் கையால் தொட்டுவிடக் கூடிய இலக்கு என்றால் நம்புவீர்களா? ஐம்பது மீற்றரில் மஞ்சள் நடுவைத் துளைத்த ஒருவர், ஐந்து மீற்றரில் நின்று எய்கிறார். கை நடுங்கவில்லை; காற்று வீசவில்லை; நாண் செவ்வையாக விடப்பட்டது. அம்போ குறிக்கு நான்கு விரல் கீழே தைத்து நிற்கிறது. மறுபடி எய்தாலும் அதே இடந்தான். பிழை கையிலும் இல்லை, கண்ணிலும் இல்லை. பின் எங்கே இருக்கிறது? அதனை அறிந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். வில்லைத் தொட்டறியாதவர்களுக்கும் இதிலே பயனுண்டு; பௌதிகவியல் பயிலும் மாணவர்களுக்கு இது ஒரு நல்விருந்து.

எங்கே எழுகிறது இச்சிக்கல்?

ஒலிம்பிக் களத்தில் இந்தச் சிக்கல் தோன்றுவதில்லை. அங்கே தனிநபர் போட்டிக்குரிய தூரம் 70 மீற்றர். எல்லா அம்புகளுக்கும் தூரம் ஒன்றே. ஒருமுறை சரிசெய்த கருவியைக் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்பச் சிறிது திருத்துவதோடு காரியம் முடிந்துவிடும்.

காட்டிலும் மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து நடந்து எய்யும் வில்விளையாட்டு வேறொன்று உண்டு. களவில்வித்தை என்று அதனைக் கூறலாம். அதற்கான உலக வாகைப் போட்டி முதன்முதலாக 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே நடைபெற்றது. அதில் ஓர் இலக்கு 60 மீற்றரில் நிற்கும். அடுத்தது புதர் மறைவில் மிக அருகே நிற்கும். சில பிரிவினருக்கு 5 மீற்றர் அளவுக்கும் தூரம் குறுகிவிடும். அருகில் நிற்பது பெரிய இலக்கன்று. 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சிறு முகமே. அதன் நடுவிலுள்ள 6 புள்ளி வட்டத்தின் விட்டம் 2 சென்ரிமீற்றர். 5 புள்ளி வட்டம் 4 சென்ரிமீற்றர்; 4 புள்ளி வட்டம் 8 சென்ரிமீற்றர்; 3 புள்ளி வட்டம் 12 சென்ரிமீற்றர்.

அமெரிக்கத் தேசியக் களவில்வித்தைச் சங்கம் 1939ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதன் களச்சுற்றில் 28 இலக்குகள் உண்டு. மிகத் தொலைவிலுள்ளதற்கு 240 அடியிலிருந்து எய்யத் தொடங்க வேண்டும். மிக அருகிலுள்ளதற்கு நான்கு நிலைகள்: முதலம்பு 35 அடியிலிருந்து, இரண்டாவது 30 அடி, மூன்றாவது 25 அடி, நான்காவது 20 அடி. ஒவ்வோர் அம்புக்கும் ஓரிரண்டு எட்டு முன்னே நடக்க வேண்டும். பார்ப்பவர்க்கு இது குழந்தை விளையாட்டாகத் தோன்றும். எய்பவர்க்கோ, நான்கு அம்புகளுக்கும் கருவியின் நிலை நான்காக வேறுபடும். அது எப்படி வேறுபடுகிறது என்பதிலேதான் வியப்பு இருக்கிறது.

குறிநோக்கியும் அதன் பொதுவிதியும்

இன்றைய வில்லின் நடுப்பிடியிலே, அம்புக்கு மேலாக, ஒரு சிறு சட்டம் முன்னோக்கிப் பொருத்தப்பட்டிருக்கும். அதன் நுனியில் ஓர் ஊசியோ வளையமோ இருக்கும். அதனை மேலும் கீழும் நகர்த்தலாம். இதுவே குறிநோக்கி. கப்பிகள் பூட்டிய கூட்டுவில்லில் இன்னொன்றும் உண்டு. நாணின் இழைகளுக்கிடையே ஒரு சிறு துளைக்கண் பதித்திருப்பார்கள். வில்லாளர் துளைக்கண்ணின் வழியே நோக்கி, ஊசியை இலக்கின் நடுவிலே நிறுத்தி, நாணை விடுவார். (இக்கூட்டுவில்லை ஆக்கியவர் அமெரிக்கரான ஹொலெஸ் வில்பர் அலன், 1966இல் விண்ணப்பித்த காப்புரிமையை 1969இல் பெற்றார்.)

தொலைவிலுள்ள இலக்குக்கு ஊசியைக் கீழே இறக்க வேண்டும் என்பது பொதுவிதி. ஊசி கீழே இறங்கினால், அதனை இலக்கோடு பொருத்துவதற்கு வில்லை ஏந்திய கையைச் சற்று உயர்த்தியாக வேண்டும். கை உயர, அம்பு மேல்நோக்கிப் புறப்படும். அவ்வாறு புறப்பட்டால்தான் புவியீர்ப்பினால் இழக்கும் உயரத்தை ஈடுசெய்ய முடியும். ஆகவே 30 மீற்றருக்கு ஓரிடம், 40 மீற்றருக்கு அதற்குக் கீழே, 50 மீற்றருக்கு இன்னுங் கீழே என்று சட்டத்திலே கோடுகள் குறித்துவைப்பார்கள்.

இவ்விதியை மனத்திற்கொண்டவர், இலக்கு அருகே வந்ததும் என்ன செய்வார்? ஊசியை மேலே மேலே ஏற்றிக்கொண்டே போவார். 20 மீற்றர் வரை அவருடைய கணிப்புப் பொய்க்காது. 15 மீற்றரிலும் பெரும்பாலும் பொருந்தும். அதற்குப் பின்னரே விதி தலைகீழாகிறது. மிக அருகிலுள்ள இலக்குக்கு, தொலைவிலுள்ள இலக்குக்குப் போலவே, ஊசியைக் கீழே இறக்க வேண்டும்!

கண் ஒரு வழி, அம்பு ஒரு வழி

இதற்குரிய காரணம் எளியது. கண் இருக்கும் இடம் வேறு, அம்பு புறப்படும் இடம் வேறு. நாணை முழுவதும் இழுத்துத் தாடையோடு அணைத்த நிலையில், அம்பின் அடி கண்ணுக்கு ஏறத்தாழ 10 முதல் 13 சென்ரிமீற்றர் கீழே இருக்கிறது. நாம் பார்ப்பது கண்ணின் கோட்டில். அம்பு செல்வது அதன் கீழிருந்து.

பழைய பெட்டிக் கமெராக்களைக் கையாண்டவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வார்கள். அவற்றிலே நாம் நோக்கும் துளை மேலே இருக்கும்; படம்பிடிக்கும் வில்லை கீழே இருக்கும். தூரத்து மலையைப் படம்பிடித்தால் பிழையொன்றும் தெரியாது. அருகே நிறுத்திய குழந்தையைப் படம்பிடித்தால் தலை வெட்டுண்டு போகும். துளையின் வழியே முழுமுகமும் தெரிந்தது உண்மைதான். ஆனால், வில்லை கண்டது வேறு காட்சி. வில்லாளருக்கு நேர்வதும் இதுவே. கண் நடுவைக் காண்கிறது. அம்பு கீழே தைக்கிறது.

ஆகவே, அம்பை மேல்நோக்கிச் சாய்த்து எய்வதற்குக் காரணம் ஒன்றன்று, இரண்டு. முதலாவது, கண்ணின் கோட்டுக்குக் கீழேயிருந்து புறப்படும் அம்பு அக்கோட்டை எட்டவேண்டும். இரண்டாவது, வழியிலே புவியீர்ப்பினால் நேரும் வீழ்ச்சியை ஈடுசெய்ய வேண்டும்.

இரண்டாவது காரணம் தொலைவில் வலுப்பெறும். முதலாவது காரணமோ அண்மையில் வலுப்பெறும். 12 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒரு திண்ணைக்குச் சாய்வுப் பாதை அமைப்பதாக எண்ணுங்கள். 30 மீற்றர் நீளம் கிடைத்தால் மீற்றருக்கு 4 மில்லிமீற்றர் உயர்ந்தாற் போதும், ஏற்றமென்றே தெரியாது. 3 மீற்றர்தான் கிடைக்குமென்றால் மீற்றருக்கு 4 சென்ரிமீற்றர் உயரவேண்டும். பத்து மடங்கு செங்குத்தான ஏற்றம் அது. மிகக் கிட்டிய இலக்குக்கு அம்பும் அப்படித்தான் ஏறிச் செல்ல வேண்டியிருக்கிறது.

ஒருமுறையன்று, இருமுறை

எறியப்பட்ட பொருள் பரவளைவுப் பாதையிலே செல்லும் என்பதைக் கலிலியோ 1638ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலிலே நிறுவினார். அம்பின் பாதையும் ஏறக்குறைய அதுவே. கண்ணின் கோடோ நேர்கோடு. கோட்டுக்குக் கீழிருந்து புறப்படும் அம்பு, ஏறிச் சென்று அதனை ஓரிடத்திலே கடக்கிறது. சிறிது தூரம் கோட்டுக்கு மேலே செல்கிறது. பின்னர் இறங்கி, மறுபடியும் கடந்து கீழே போகிறது. எனவே ஊசியின் ஒரே நிலை இரண்டு தூரங்களுக்குப் பொருந்தும்: ஒன்று கிட்டியது, மற்றது எட்டியது.

துவக்குச் சுடுவோர் இதனை நன்கறிவர். அமெரிக்க இராணுவத்தின் எம்-16 துவக்கை 25 மீற்றரில் சரிபார்த்து, 300 மீற்றருக்குப் பொருத்தும் முறை இந்த அடிப்படையிலேயே அமைந்தது. குண்டு ஏறும்போது ஒருமுறையும் இறங்கும்போது ஒருமுறையும் பார்வைக் கோட்டைச் சந்திக்கிறது.

இவ்விரு தூரங்களுக்கும் இடையே அழகானதோர் உறவு உண்டு. ஒரே ஊசிநிலைக்குரிய கிட்டிய தூரத்தையும் எட்டிய தூரத்தையும் பெருக்கினால், அந்த வில்லுக்கு எப்போதும் ஒரே எண்தான் வரும். அதனைக் காணும் வழி வருமாறு: கண்ணுக்கும் அம்புக்கும் இடையிலுள்ள உயரத்தின் இருமடங்கை எடுத்து, அம்பின் கதியின் வர்க்கத்தால் பெருக்கி, புவியீர்ப்பு ஆர்முடுகலால் வகுக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். அம்பின் கதி செக்கனுக்கு 85 மீற்றர் எனக் கொள்வோம். வேகமான கூட்டுவில்லுக்கு இது பொருத்தமான அளவே. உயரம் 12 சென்ரிமீற்றர். கணித்தால் வரும் எண் ஏறத்தாழ 177. அதன் வர்க்கமூலம் 13.3. இந்த 13.3 மீற்றரே திருப்புமுனை. ஊசி மிக மேலே நிற்கவேண்டிய தூரம் இதுதான். இதற்கு அப்பாலும் ஊசி கீழே இறங்கவேண்டும். இப்பாலும் கீழே இறங்கவேண்டும். வேறு வகையாகச் சொன்னால், கையிலிருந்து நழுவிய கல் 12 சென்ரிமீற்றர் விழுவதற்கு 0.156 செக்கன் செல்லும். அந்நேரத்தில் அம்பு பறக்கும் தூரமே இத்திருப்புமுனை.

இப்போது நான்கு நிலைகளுள்ள அந்தச் சிறு இலக்குக்குத் திரும்புவோம். 35 அடியில் நிற்கும்போது ஊசியை ஏறத்தாழ 17 மீற்றர்க் கோட்டில் வைக்கவேண்டும். 30 அடிக்கு வந்தால் 19 மீற்றர்க் கோடு. 25 அடிக்கு 23 மீற்றர். 20 அடிக்கு 29 மீற்றர்! கால் இலக்கை நோக்கி நடக்க, ஊசி தொலைவை நோக்கி நடக்கிறது. இவ்வளவுக்கும் ஊசி முதல்நிலையிலிருந்து கடைநிலைவரை இறங்கும் தூரம் 4 அல்லது 5 மில்லிமீற்றர்தான். அந்தச் சிறு இறக்கத்தை அறியாதவர், 5 மீற்றரில் நின்று 10 மீற்றர்க் கோட்டை வைத்து எய்தால், அம்பு ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் கீழே தைக்கும். 6 புள்ளி கிடைக்கவேண்டிய இடத்தில் 3 அல்லது 4 புள்ளியே கிடைக்கும். கடினமான தூரங்களிலே வியர்வை சிந்திச் சேர்த்ததை, எளிய தூரத்திலே கைநழுவ விடுவதாக முடியும்.

மெதுவான வில்லுக்குத் திருப்புமுனை இன்னும் அருகே வரும். செக்கனுக்கு 60 மீற்றர் கதியில் அம்பு விடும் வில்லுக்கு, அதே உயரத்தில், அது ஏறத்தாழ 9.4 மீற்றர். ஆகவே ஒருவருடைய கோடுகள் இன்னொருவருக்கு உதவமாட்டா. அவரவர் வில்லுக்கு அவரவரே கணித்துக்கொள்ள வேண்டும்.

கண்ணாற் காணும் சோதனை

கணக்கைக் கண்டு அஞ்சுபவர்களும் ஆசிரியரின் துணையோடு இதனைக் கண்ணாற் காணலாம். அகன்ற வெள்ளைத் தாளொன்றில் கிடையாக ஒரு தடித்த கோடு வரைந்து, இலக்குத் தட்டிலே ஒட்டுங்கள். ஊசியை 20 மீற்றர்க் கோட்டில் நிறுத்தி, அதன்பின் அதனைத் தொடாதிருங்கள். 20, 15, 12, 9, 6, 4 மீற்றர்களில் நின்று, ஒவ்வொரு முறையும் ஊசியைக் கோட்டிலேயே பொருத்தி எய்யுங்கள். அம்புகள் ஒன்றன்மேலொன்று படாதவாறு கோட்டின் இடப்புறமிருந்து வலப்புறமாக வரிசையாகச் செல்லட்டும்.

மேலே சொன்ன வேகமான வில்லாயின், 20 மீற்றர் அம்பு கோட்டிலே நிற்கும். 15 மீற்றர் அம்பும் 12 மீற்றர் அம்பும் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் மேலே நிற்கும். 9 மீற்றர் அம்பு மீண்டும் கோட்டுக்கு வரும். 6 மீற்றர் அம்பு ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் கீழே போகும். 4 மீற்றர் அம்பு 5 சென்ரிமீற்றருக்கும் கீழே போகும். புத்தகத்திலே படித்த வளைகோடு தாளின்மீது அம்புகளாக எழுதப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். இதனை ஒருமுறை கண்டவர் பின்னர் மறக்கமாட்டார்.

சரிசெய்யும் முறை

மிகக் கிட்டிய தூரங்களுக்குக் குறிநோக்கியைச் சரிசெய்ய விரும்புவோர் கைக்கொள்ளவேண்டியவை சிலவற்றைக் கூறுவோம்.

முதலாவது, உயரத்தை அளந்துகொள்ளுங்கள். இலக்குத் தட்டின் முன்னே நின்று, அம்பைப் பூட்டி நாணை முழுவதும் இழுத்த நிலையில், துளைக்கண்ணிலிருந்து அம்பின் நடுக்கோடு வரையுள்ள உயரத்தை வேறொருவர் பக்கத்தில் நின்று அளக்கலாம். துளைக்கண் இல்லாத வில்லாயின் கண்ணின் மணியிலிருந்து அளக்க வேண்டும். அளப்பவர் ஒருபோதும் அம்பின் முன்னே வரலாகாது. அம்பில்லாமல் நாணை இழுத்து விடுவதும் கூடாது. வில் முறிந்து காயம் நேரும்.

இரண்டாவது, மேற்சொன்ன கணக்கின்படி ஒவ்வொரு கிட்டிய தூரத்துக்கும் இணையான எட்டிய தூரத்தைக் கண்டு, அந்தக் கோட்டிலிருந்து தொடங்குங்கள். கணக்குத் தொடக்கமேயன்றி முடிவன்று. நாணின் உந்துதல் முடிந்து அம்பு விடுபடுவதற்குள் அது அரை மீற்றர் அளவு முன்னே சென்றுவிடுகிறது. 30 மீற்றரில் இதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. 3 மீற்றரில் வேண்டும். இந்நாளிலே கைத்தொலைபேசியிலேயே இக்கணக்கைச் செய்துதரும் வசதிகள் உண்டு. அவற்றின் விடையையும் எய்து பார்த்தே ஏற்கவேண்டும்.

மூன்றாவது, திருத்தும்போது "அம்பு சென்ற பக்கமே ஊசியும் செல்லட்டும்" என்பதை நினைவில் வையுங்கள். அம்பு கீழே தைத்தால் ஊசியைக் கீழே இறக்குங்கள்; மேலே தைத்தால் மேலே ஏற்றுங்கள். இவ்விதி எந்தத் தூரத்திலும் மாறாது. அண்மையிலே தடுமாறும்போது இதுவே கைவிளக்கு.

நான்காவது, தூரத்தை நாடாவினால் அளந்துகொள்ளுங்கள். "கிட்டத்தானே, குத்துமதிப்பாகப் போதும்" என்று எண்ண வேண்டாம். நாம் எடுத்துக்கொண்ட வில்லில், 30 மீற்றர் தூரத்தை அரை மீற்றர் பிழையாக மதித்தால் அம்பு ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவாகவே விலகும். 3 மீற்றரிலே அதே அரை மீற்றர்ப் பிழை ஒன்றரைச் சென்ரிமீற்றருக்கு மேல் விலக்கிவிடும். அண்மையில் அளவின் அருமை குறைவதில்லை, கூடுகிறது.

ஐந்தாவது, ஒரே புள்ளியில் அம்புகளை அடுக்காதீர்கள். இத்தூரத்தில் இரண்டாவது அம்பு முதலம்பின் அடியைப் பிளந்துவிடும். தாளிலே நாலைந்து புள்ளிகளிட்டு, புள்ளிக்கு ஓர் அம்பாக எய்யுங்கள். அருகிலிருந்து எய்த அம்பு மெல்லிய தட்டைத் துளைத்து அப்பாலும் போகக்கூடும் என்பதால், பின்புறத்தில் எவரும் நில்லாதிருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இறுதியாக, கண்ட நிலைகளைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். 3, 4, 5, 6, 8, 10 மீற்றர்களுக்குத் தனியான ஒரு நிரல் இருக்கட்டும். பிரதான கோடுகளோடு கலந்து குறித்தால் அவசரத்தில் மயக்கம் உண்டாகும். தனித்தாளொன்றிலே, "5 மீற்றர் - 35 மீற்றர்க் கோடு" என்பது போல எழுதி வில்லோடு வைத்துக்கொள்வோரும் உண்டு.

கையைக் கெடுக்கும் திருத்தம்

புள்ளிகள் சில போவது பெரிய நட்டமன்று. இதனிலும் பெரியதொரு நட்டம் உண்டு. பயிலத் தொடங்கிய இளைஞரொருவர் அண்மை இலக்கிலே கீழே கீழே எய்கிறார் எனக் கொள்வோம். காரணம் அறியாத அவர் என்ன நினைப்பார்? "இவ்வளவு கிட்டவும் தவறுகிறதே, என் கைதான் தாழ்கிறது" என்று தம்மையே நொந்துகொள்வார். அருகில் நிற்பவர்களும் சிரித்தபடி அதையே சொல்வார்கள். உடனே அவர் நாணை விடும் கணத்திலே கையை மேலே தூக்கப் பழகுவார். அல்லது நாணை அணைக்கும் இடத்தை மாற்றுவார். 5 மீற்றர் இலக்கு ஒருவாறு சரிப்படும். ஆனால், மாதக்கணக்காகப் பழகிய செம்மையான நிலை கெட்டு, 50 மீற்றரில் அம்பு எங்கெங்கோ சிதறும். இல்லாத பிழையைத் திருத்தப்போய், இருந்த நன்மையை இழந்ததாக முடியும்.

ஆசிரியரோ பெற்றோரோ அவ்விடத்திலே செய்யத்தக்கது ஒன்றுண்டு. அம்புகள் எங்கே தைத்தன என்பதை மட்டுமன்றி, எப்படித் தைத்தன என்பதையும் பார்க்கவேண்டும். மூன்று அம்புகளும் சிதறிக் கிடந்தால் கையிலே பிழை இருக்கலாம். மூன்றும் ஒருங்கே நெருங்கி, ஒரே அளவு கீழே நின்றால் கை குற்றமற்றது. கருவியின் நிலையைத்தான் மாற்றவேண்டும். இந்த வேறுபாட்டை அறிந்தவர் பிள்ளையைக் கடிந்துகொள்ளார். நாடாவையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொடுப்பார்.

வில்லுக்கு மாத்திரம் உரிய பாடமன்று இது. பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும், "இவ்வளவு எளிய கணக்கு உனக்கு வரவில்லையா?" என்று கேட்கிறோம். எளியது என்று நாம் நினைப்பது, நாம் நிற்கும் இடத்திலிருந்து பார்க்கும்போது எளியது. பிள்ளையின் கண் ஓரிடத்திலும் அம்பு ஓரிடத்திலும் இருக்கக்கூடும். அந்த இடைவெளியை அளந்து, ஊசியை நான்கைந்து மில்லிமீற்றர் நகர்த்திக் கொடுத்தால், அடுத்த அம்பு நடுவிலே தைக்கும்.